ஆண்டாளின் விடியல் கடிகாரம்

கூமாப்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால் மலை, கிழக்கே பார்த்தால் வெட்டவெளி. வத்திராயிருப்பிலிருந்து பிளவக்கல் அணைக்குப் போகும் வழியில், நெல்வயலும் தென்னந்தோப்பும் கண்மாயுமாக விரிந்து கிடக்கும் ஊர். 2025இல் ஒரு செல்போன் வீடியோவால் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. அணைக்கட்டையும் தண்ணீரையும் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வந்தவர்களில் எத்தனை பேர் விடிவதற்கு முன்பு அந்த வானத்தைப் பார்த்தார்களோ தெரியாது. பார்த்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்தப் பக்கத்து வானத்துக்கென்று ஒரு குணம் உண்டு. கிழக்கில் எழும் எந்த ஒளியும் தரையை ஒட்டியே கண்ணில் பட்டுவிடும். மேற்கில் இறங்கும் எதுவும் அடிவானத்தைத் தொடும் முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஏறக்குறைய இதே அமைப்புதான். அந்த ஊரில் பிறந்ததாக நாம் கொண்டாடும் ஒரு பெண், மார்கழி விடியலில் கிழக்கையும் மேற்கையும் ஒரே நேரத்தில் பார்த்துத் தோழிகளுக்கு மணி சொன்னாள். அந்த ஆண்டாளைத் தெய்வமாக நிறுத்தி, கையில் கிளியைக் கொடுத்து, அவள் சூடிய மாலையைத் திருப்பதி வரை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அவளுடைய மார்கழி நோன்பும் ஒரு தவம்தான். ஆனால் தவத்துக்குரிய தெய்வம் என்றால் நம் மனசில் சட்டென்று வரும் உருவம் வேறு. மாங்காட்டில் காமாட்சி அக்கினிக்கு நடுவே ஒற்றைக்கால் விரலில் நிற்கிறாள். கன்னியாகுமரியில் பகவதி கையில் ஜபமாலை. ராஜபாளையத்துக்குத் தெற்கே சங்கரன்கோவிலில் கோமதி அம்மன், சிவனையும் திருமாலையும் ஒரே உருவில் காணவேண்டும் என்று புன்னைவனத்தில் தவமிருந்தாள், அதுதான் ஆடித்தபசு. உடம்பை வருத்தி, ஊணை விட்டு, ஓரிடத்தில் அசையாமல் நிற்பது இந்தத் தேவியரின் அடையாளம்.

ஆண்டாளின் தவம் அசையாமல் நிற்பதில்லை. அவள் எழுந்து தெருவில் நடக்கிறாள், கதவு தட்டுகிறாள், தூங்குகிறவளைக் கேலி செய்கிறாள், குளிக்கக் கூட்டிப்போகிறாள். நோன்பின் முதல் விதியே விழித்துக்கொள்வது. அவள் பாடிய திருப்பாவையின் முப்பது பாட்டில் ஆறாவது தொடங்கிப் பதினைந்தாவது வரை, பத்துப் பாட்டு, பத்துப் பெண்களை எழுப்புவதற்கே போகிறது. விழித்தவளுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரியவேண்டும். அதனால்தான் அந்தப் பாட்டுகளில் இத்தனை பறவையும் பூவும் கோளும். அவள் தவத்தின் சின்னம் என்னவென்று கேட்டால், கிளிக்கும் கொண்டைக்கும் முன்னால் இந்தக் கூர்ந்த பார்வையைத்தான் நான் சொல்வேன்.

நோன்பு நாளில் நெய் கிடையாது, பால் கிடையாது, கண்ணுக்கு மை கிடையாது, தலைக்குப் பூ கிடையாது. தகாததைச் செய்வதில்லை, கோள் சொல்வதில்லை, கேட்பவருக்கும் கேளாதவருக்கும் கொடுப்பது. இந்தப் பட்டியலில் பூ இருப்பதை யோசித்துப் பாருங்கள். பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிப் பார்த்துவிட்டுக் கொடுத்தவள் என்றல்லவா இவளுக்குப் பெயர்? அவளே தன் தலையில் பூ வைக்கமாட்டேன் என்கிறாள். இந்த விலக்கும் ஒரு நாள் முடிகிறது. இருபத்தேழாவது பாட்டில் நகையும் புடவையும் திரும்ப வருகின்றன, முழங்கை வழியே நெய் வழியப் பால்சோறு வருகிறது. அதைத்தான் மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லி என்று வீட்டுக்கு வீடு அக்காரவடிசில் செய்து கொண்டாடுகிறோம். விட்டது எதுவும் வெறுக்கப்படவில்லை. கொஞ்ச நாள் தள்ளி வைக்கப்பட்டது, அவ்வளவுதான். மற்றத் தவங்களிலிருந்து இந்த நோன்பை இதுவே பிரிக்கிறது என்று நினைக்கிறேன்.

இனி அந்த விடியலுக்கு வருவோம். இந்த அட்சரேகையில், அதாவது வடக்கு ஒன்பதரைப் பாகையில், மார்கழிச் சூரியன் ஆறரை மணி வாக்கில் எழும். முதல் வெளிச்சக்கீற்று வருவதற்கும் சூரியன் தலைகாட்டுவதற்கும் நடுவே ஒன்றேகால் மணி நேரம்தான். ஐரோப்பாவின் வடபகுதியில் இந்த விடியல் வெளுப்பு மணிக்கணக்கில் இழுக்கும். அங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறுகிறது. நமக்கு ஏறக்குறையச் செங்குத்தாக ஏறுகிறது, அதனால் இருட்டு சட்டென்று கலையும். இந்தக் குறுகிய இடைவெளிக்குள் குளித்து முடிக்கவேண்டும் என்றால் நேரம் பார்க்காமல் ஆகாது. மணிக்கூண்டு இல்லாத காலத்தில் எதை வைத்து நேரம் பார்ப்பது?

முதலில் காது. ஆனைச்சாத்தன் என்ற பறவைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது கேட்கவில்லையா என்று ஒரு தோழியை எழுப்புகிறாள். வலியன், கரிச்சான், இரட்டைவால் குருவி என்றெல்லாம் நாம் சொல்லும் கறுப்புப் பறவை இதுவென்பது பரவலான கருத்து. ஆடுமாடு மேயும் இடத்தில் மாட்டின் முதுகிலும், இப்போதென்றால் கரண்டுக் கம்பியிலும் உட்கார்ந்திருக்கும்; பிளந்த வால். விடியலில் மற்ற பறவைகள் வாய் திறப்பதற்கு வெகு முன்பே, கும்மிருட்டிலேயே கத்தத் தொடங்கும் பறவைகளில் இது முக்கியமானது. காகமும் மைனாவும் அதற்கப்புறம்தான். வெளிச்சம் போதாத வேளையில் இரை தேடிப் பயனில்லை. காற்றும் அடங்கியிருப்பதால் குரல் தெளிவாகத் தூரம் போகும். இது என் இடம் என்று அறிவிக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. பறவையியலாளர்கள் விடியல் கச்சேரிக்குச் சொல்லும் காரணங்களில் இவையும் உண்டு. கூமாப்பட்டிப் பக்கம் வயலுக்குப் போகிறவர்கள் யாரும் கரிச்சான் சத்தம் கேட்டபின் கடிகாரம் பார்ப்பதில்லை.

அடுத்து மாடு. கிழக்கு வெளுத்ததும் எருமைகளைப் பனிப்புல் மேயக் கொஞ்ச நேரம் அவிழ்த்து விடுவதைச் சொல்கிறாள். மாடு வளர்ப்பவருக்கு இது புதிதில்லை. முழு மேய்ச்சலுக்கு முன்னால் ஒரு சிறு மேய்ச்சல், அவ்வளவுதான். ஆனால் ஒரு பாட்டுக்குள் இந்த விவரத்தை வைக்கவேண்டும் என்று தோன்றுகிறதே, அதற்குத் தொழுவத்தை நேரில் பார்த்த கண் வேண்டும்.

பிறகு பூ. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்கவேண்டும். புழக்கடைக் குளத்தில் செங்கழுநீர் விரிந்துவிட்டது, ஆம்பல் மூடிவிட்டது என்று பதினான்காவது பாட்டில் ஒரு பெண்ணுக்குச் சேதி சொல்கிறாள். இரண்டு பூ, எதிரெதிர் வேலை. கண்மாய்க் கரையில் அதிகாலையில் போய் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஆம்பல் இரவுப்பூ. பொழுது சாய்ந்ததும் விரியத் தொடங்கி, இரவெல்லாம் தண்ணீருக்கு மேல் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். வெயில் ஏற ஏற இதழ்கள் ஒவ்வொன்றாக மேலே எழுந்து, பச்சைப் புறவிதழ் வெளியே தெரியக் கூம்பிவிடும். பகலில் பூக்கும் அல்லி வகைகளுக்கு இது தலைகீழ். அவை வெளிச்சம் வந்தபின் விரிந்து பிற்பகலில் மூடும். இரண்டும் ஒரே குடும்பம், ஒரே குளம், ஒரே சேறு.

ஓர் அல்லிப்பூ இப்படி ஒருமுறை திறந்து மூடுவதோடு முடிவதில்லை. மூன்று நான்கு நாள் தொடர்ந்து அதே வேளையில் திறக்கும், அதே வேளையில் மூடும். முதல் நாள் பூவின் நடுவில் பார்த்தால் சிறு கிண்ணம் போன்ற சூலகமுடியில் தெளிவான நீர் தேங்கியிருக்கும். அன்றைக்கு அது பெண். வேறு பூவின் மகரந்தத்தை ஏற்கும். மறுநாள் முதல் அந்த நீர் இருக்காது, மகரந்தத்தாள்கள் தூள் சிந்தும். தன் மகரந்தம் தனக்கே சேராமல் பார்த்துக்கொள்ள நேரத்தையே வேலியாக வைத்திருக்கிறது இந்தச் செடி. திறப்பதும் மூடுவதும் இதழின் அடிப்பகுதியில் உட்புறமும் வெளிப்புறமும் வேறுவேறு வேகத்தில் வளர்வதால் நடக்கிறது.

ஆம்பல் கூம்புவது உண்மையில் பொழுது நன்றாகப் புலர்ந்தபின். அப்படியானால் வாசலில் நிற்கும் தோழி கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறாள். இன்னும் தூங்கினால் இதோ ஆம்பலே மூடிவிட்டது பார் என்பது, பிள்ளையை எழுப்பும் அம்மா ஆறு மணியை ஏழு மணி என்று சொல்வதைப் போலத்தான். பொய்யிலும் பொருத்தமான பூவைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ், எந்தப் பூ எத்தனை மணிக்கு விரியும், எத்தனை மணிக்குக் கூம்பும் என்று வரிசைப்படுத்திப் பூக்கடிகாரம் என்ற யோசனையை 1751இல் எழுதினார். அதற்குச் சற்று முன்பு, 1729இல், பிரான்சில் தெ மெய்ரான் என்பவர் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை வெளிச்சமே படாத இடத்தில் வைத்துப் பார்த்தார். சூரியன் தெரியாமலேயே அது காலையில் இலை விரித்தது, இரவில் மடக்கியது. நேரம் வெளியே மட்டும் இல்லை, உயிருக்குள்ளும் ஓடுகிறது என்பதற்கு அது முதல் தடயம். அந்த உட்கடிகாரம் மூலக்கூறு அளவில் எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நமக்குள்ளும் அது உண்டு. மூளையின் அடிப்பகுதியில் ஒரு சிறு நரம்புக்கொத்து அதை நடத்துகிறது. பெரும்பாலோருக்கு அந்தக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடம் கூடுதலாக ஓடும். விட்டுவிட்டால் நாளுக்கு நாள் பின்தங்கும். காலை வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் அது தினமும் சரிசெய்யப்படுகிறது. ஒரு மாதம் முழுக்கத் தவறாமல் விடியலுக்கு எழுந்து வெட்டவெளிக்கு வருகிறவரின் உடம்பு, தூக்கத்தையும் பசியையும் அந்த வெளிச்சத்தோடு பூட்டிக்கொள்ளும். இதை வைத்துக்கொண்டு அன்றே அறிவியல் தெரிந்திருந்தது என்று மார்தட்ட எனக்கு மனமில்லை. அது ஆண்டாளுக்கும் பெருமை இல்லை, அறிவியலுக்கும் பெருமை இல்லை. அவள் கூர்ந்து பார்த்தாள், பார்த்ததைப் பாட்டில் வைத்தாள். அந்தப் பெருமையே போதும்.

இப்போது கிளி. ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளியைச் சிலையோடு சேர்ந்த கல் என்றோ வெள்ளி என்றோ வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. அது இலையால் ஆனது. மாதுளம்பூவில் மூக்கு, மரவள்ளி இலையில் உடம்பு, நந்தியாவட்டை இலையும் பனையோலையும் சிறகு, அரளி மொட்டு வால், காக்காப்பொன்னில் கண், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட வாழைநார். ஒரு கிளி முடிய நாலைந்து மணி நேரம் ஆகும். இன்றைய கிளி நாளைக்கு ஆகாது; இலை வாடிவிடும். அதனால் தினமும் புதிதாக ஒன்று, பரம்பரையாக அதைச் செய்பவர்கள் கையில். நோன்பின் சின்னமாக இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை. ஒருமுறை வடித்து வைத்துவிட்டால் தீர்ந்தது என்று விடாமல், ஒவ்வொரு நாளும் தொடக்கத்திலிருந்து இலை நறுக்க வேண்டியிருக்கிறது.

கிளியாக இருப்பவர் சுகமுனிவர் என்பது ஐதீகம். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதால் குருவின் சொல்லைத் தாங்கும் சீடனுக்குக் கிளி அடையாளம் என்றும் பெரியவர்கள் விளக்குவார்கள். பறவையியல் இதற்கு ஒரு வியப்பைச் சேர்க்கிறது. பெரும்பாலான பறவைகளுக்குக் குரல் பிறவியிலேயே அமைந்துவிடும். கோழிக்குஞ்சு கூவக் கற்கவேண்டியதில்லை. கேட்டுக் கேட்டுக் குரலைப் பழகுபவை மூன்று பெருங்கூட்டங்கள்: கிளிகள், பாடும் பறவைகள், தேன்சிட்டை ஒத்த அமெரிக்க முரல்சிட்டுகள். வெனிசுவேலாவில் சிறுகிளிகளின் கூடுகளை ஆராய்ந்தபோது, தாய்தந்தை கூட்டில் வைத்தே ஒவ்வொரு குஞ்சுக்கும் அழைப்பொலி ஒன்றைக் கொடுப்பதும், குஞ்சு அதைக் கற்றுத் தன் பெயர்போல வைத்துக்கொள்வதும் தெரியவந்தது. சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்று நாம் இளப்பமாகச் சொல்கிறோம். திருப்பிச் சொல்லிப் பழகுவது உயிர்களில் மிகச் சிலவற்றுக்கே வாய்த்த வரம். முப்பது பாட்டை ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளாக மார்கழிதோறும் ஊர் ஊராகத் திருப்பிச் சொல்கிறோமே, பாங்காக்கில் தாய்லாந்து அரண்மனைப் பிராமணர்கள் நடத்தும் திரியம்பாவை திரிப்பாவைச் சடங்கு வரை அது போயிருக்கிறதே, அந்தக் கிளிக்கு இதில் பங்கு இல்லாமலா?

வானத்துக்கு வருகிறேன். ஆண்டாளின் நாள் ஆடிப்பூரம். பூரம் சிம்ம ராசியில் உள்ள நட்சத்திரம். ஆடியில் சூரியன் கடகத்தில் இருக்கும். பக்கத்து ராசிக்கு நிலா வருகிறது என்றால் அமாவாசை கழிந்து சில நாளே ஆகியிருக்கும். ஆகவே ஆடிப்பூரத்து நிலா எப்போதும் இளம்பிறை. அந்தி சாய்ந்ததும் மேற்கே மலைமேல் கீற்றாக நிற்கும். கோமதி அம்மனின் தபசுக் காட்சிக்கு உரிய உத்திராடமோ கடகத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். அன்று பௌர்ணமியை ஒட்டிய நிலா. 2025இல் ஆடிப்பூரத் தேர் ஜூலை 28, ஆடித்தபசு ஆகஸ்ட் 7. பக்கத்துப் பக்கத்து ஊரில் இரண்டு தேவியரின் விழா, ஒரே நிலா பத்து நாளில் வளர்ந்து எட்டிப்பிடித்தது.

மார்கழிக்கு நிலா முழுதாக வேண்டும். திருப்பாவையின் முதல் பாட்டே நிறைமதி நாளைக் குறிக்கிறது. பதின்மூன்றாவது பாட்டில் தோழி, வெள்ளி கிழக்கே எழுந்ததையும் வியாழன் மேற்கே போய் மறைந்ததையும் சேர்த்துச் சொல்கிறாள். இரண்டையும் சேர்த்தால் ஒரு வானப்படம் கிடைக்கும். வெள்ளி சூரியனைவிட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. விடியலுக்கு முன் கிழக்கே எழுகிற அந்த வேளையில் வியாழன் மேற்கே மறையவேண்டும் என்றால், வானத்தின் எதிர் ஓரத்தில், ரிஷபம் மிதுனம் பக்கம் இருந்தாக வேண்டும். வியாழன் ராசிச்சக்கரத்தை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டு. அங்கே அது வரும் மார்கழியில் வெள்ளியும் காலையில் தெரியும் பருவமாக இருக்கவேண்டும். வெள்ளியின் ஆட்டம் 8 ஆண்டுக்கு ஒருமுறை அதே நாளுக்குத் திரும்பும். பாபிலோனியர்கள் 21 ஆண்டு வெள்ளியின் எழுச்சியையும் மறைவையும் களிமண் பலகையில் குறித்துவைத்திருக்கிறார்கள்.

பாட்டில் வரும் இந்த வெள்ளி வியாழன் குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான் தமிழறிஞர் மு. இராகவையங்கார் ஆண்டாள் காலத்துக்கு 731 டிசம்பர் 18ஆம் நாளை முன்வைத்தார். வேறு ஆண்டுகள் பொருந்தும் என்று வாதிட்டவர்களும் உண்டு; ஒரு பாட்டை வைத்து மட்டும் வரலாற்றை முடித்துவிட முடியாது. ஆனால் அந்த நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது. அன்று முழுநிலா. வெள்ளி, பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே கடந்து ஒன்றரை மாதமே ஆகி, விடியல் வானில் ஜொலிக்கும் நிலையில் இருக்கிறது. வியாழன் ரிஷபத்தில். வெள்ளி எழுந்து முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்குள் வியாழன் மேற்கே இறங்கிவிடும்.

8ஐயும் 12ஐயும் ஒருசேரப் பார்த்தால் 24 ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் காட்சி நன்றாக வாய்க்கும் என்பது தெரியும். கடைசியாக 2012 மார்கழியில் வாய்த்தது. அடுத்து 2036 டிசம்பர் கடைசி வாரத்திலும் 2037 ஜனவரித் தொடக்கத்திலும். 2037 ஜனவரி 2 பௌர்ணமி, அதுவும் மார்கழிக்குள்ளேயே வருகிறது. அந்த வாரம் கூமாப்பட்டிக் கண்மாய்க் கரையில் நின்று பார்க்க விரும்புகிறவர்கள் காலை நாலரை மணிக்குள் அங்கே இருக்கவேண்டும். வானம் ஒரு பாகை நகர 4 நிமிடம். மேற்கே மலைமுகடு அடிவானத்துக்கு மேல் 5 பாகை நின்றால், சமவெளியில் இருப்பவர்களைவிட 20 நிமிடம் முந்தியே வியாழன் மறைந்துவிடும். ஆகவே முதலில் மேற்கே திரும்பி வியாழனைப் பார்த்துவிடுங்கள். வெள்ளி கிழக்கே வெட்டவெளியில் எழும், அதற்கு அவசரமில்லை.